சாலை யாருக்குச் சொந்தம்?

1964-ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற அகில உலக நற்கருணை மாநாட்டைப் பற்றி நம் பங்குகளிலுள்ள முதியோர் இன்றும் பேசக் கேட்கிறோம். திருத்தந்தை ஆறாம் பவுல் இந்திய மண்ணில் அடியெடுத்து வைத்த அந்நாள்களை அவர்கள் மறக்கவில்லை. அதற்கடுத்த மாநாடு 1968-இல் எங்கே நடைபெற்றது என்று கேட்டால் விடை கூறுவோர் வெகு சிலரே. தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில் அது நடைபெற்றது. அங்கும் அதே திருத்தந்தை சென்றிருந்தார்.

அந்தப் பொகோட்டா நகரைப் பற்றித்தான் இம்மாதம் வாசகர்களோடு உரையாட விழைகிறோம். ஆனால் நாம் பேச எண்ணுவது அந்நகரின் சாலைகளைப் பற்றி. குடும்பங்கள் படிக்கும் ஒரு திங்களிதழில் சாலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் வியக்கலாம். காலையில் வேலைக்குப் புறப்பட்ட தந்தை மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்? பள்ளிக்குச் சென்ற பிள்ளை பத்திரமாக வந்து சேர்கிறதா? முதிய தாயொருத்தி அஞ்சாமல் தெருவைக் கடக்க முடிகிறதா? இவையெல்லாம் குடும்பக் கவலைகள் அல்லவா? இவற்றுக்கான விடையின் பெரும் பகுதி சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதோ நகர மன்றத்தில் முடிவாகிறது. இந்த உண்மையைப் பொகோட்டாவைப் போல் தெளிவாக எடுத்துக்காட்டும் நகரங்கள் மிகச் சிலவே.

காசுக்காக ஒரு போர்

பொகோட்டா நம் உதகமண்டலத்தைக் காட்டிலும் உயரமான இடத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில், ஆண்டீஸ் மலைத்தொடரின் நடுவேயுள்ள மேட்டுநிலத்தில் அமைந்திருக்கிறது. கிழக்கே மலைகள் சுவர்போல் நிற்கின்றன. வடக்கே பெரும்பாலும் செல்வர் வாழ்கின்றனர். தெற்கே ஏழைகள் வாழ்கின்றனர். நாட்டுப்புறங்களில் பல்லாண்டுகளாக நிலவிய வன்முறைக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் தென்கோடி மலைச்சரிவுகளில் குடிசை போட்டுக் குடியேறினர். இன்று அந்நகரின் மக்கட்தொகை 80 இலட்சத்தை ஒட்டியதாகும்.

ஒரு காலத்தில் அங்கு டிராம் வண்டிகள் ஓடின. 1884-இல் விலங்குகள் இழுக்கும் வண்டிகளாகத் தொடங்கிய டிராமை, அயல்நாட்டுக் கம்பெனியிடமிருந்து 1910-இல் நகராட்சியே விலைக்கு வாங்கிற்று. 1948 ஏப்ரல் 9-ஆம் நாள் ஹோர்ஹே கைத்தான் என்ற மக்கள் தலைவர் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது நகரம் பற்றி எரிந்தது. டிராம் வண்டிகள் பலவும் தீக்கிரையாயின. 1951-இல் டிராம் முற்றிலும் நின்றுபோயிற்று. அவ்விடத்தைத் தனியார் பேருந்துகள் நிரப்பின.

அப்பேருந்துகளின் ஏற்பாட்டைச் சற்று விளக்கவேண்டும். தடத்துக்கான உரிமம் ஒரு கம்பெனியின் கையில் இருக்கும். வண்டியோ வேறொருவருடையதாக இருக்கும். வண்டிக்காரர் கம்பெனிக்குப் பணம் கட்டித் தம் வண்டியை அத்தடத்தில் சேர்த்துக்கொள்வார். வண்டிகள் கூடக்கூடக் கம்பெனிக்கு வருவாய் கூடும். ஆகவே தேவைக்கு மிஞ்சிய வண்டிகள் தெருவில் நிறைந்தன. ஓட்டுநருக்குக் கூலியோ ஏறும் பயணிகளின் தலையை எண்ணிக் கிடைத்தது. முன்னே செல்லும் வண்டியை முந்திச் சென்று, கைகாட்டிய இடத்திலெல்லாம் நிறுத்தி, ஒருவரையாவது கூடுதலாக ஏற்றிக்கொண்டால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். ஒரே தடத்து வண்டிகள் ஒன்றோடொன்று மோதாத குறையாகப் பாய்ந்தன. அந்நகர மக்கள் இதற்குக் ‘காசுப் போர்’ என்றே பெயரிட்டனர். அப்போரில் அடிபட்டவர்கள் தெருவில் நடந்தோரும் மிதிவண்டியிற் சென்றோருமே.

ஓட்டுநரைக் குறை கூறுவது எளிது. அவரை அவ்வாறு ஓட்டத் தூண்டிய ஏற்பாட்டை வகுத்தவர் யார், காத்தவர் யார் என்று கேட்பதே நேர்மையான கேள்வியாகும்.

ஞாயிறு காலையின் பரிசு

1974-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆயிரக்கணக்கான பொகோட்டா மக்கள் மிதிவண்டிகளோடு நகரின் நடுச்சாலைகளில் இறங்கினர். ஹைமே ஒர்த்திஸ் மரீனியோ என்ற கட்டடக் கலைஞரும் அவர்தம் நண்பர்களும் அதை ஏற்பாடு செய்திருந்தனர். கார்கள் பெருகப் பெருக மனிதருக்கு இடமில்லாது போகிறதே என்பதுதான் அவர்களுடைய மனக்குறை. நகராட்சியின் இசைவோடு சில மணி நேரம் இரு பெருஞ்சாலைகள் மோட்டார் வண்டிகளுக்கு மூடப்பட்டன. கல்லெறியோ கலகமோ இல்லை. மக்கள் வண்டி மிதித்தார்கள், அவ்வளவே.

1976-இல் அன்றைய மேயர் லூயிஸ் பிரியெத்தோ ஒக்காம்போ இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தார். ‘சிக்லோவியா’, அதாவது ‘மிதிவண்டி வழி’, என்பது அதன் பெயர். 1980-களின் தொடக்கத்தில் அது 50 கிலோமீட்டரைத் தாண்டியது. பின்னர்ச் சோர்ந்து, 1990-களின் நடுவில் மீண்டும் தழைத்தது. இன்று ஞாயிறுதோறும் பொது விடுமுறை நாள்தோறும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் இதற்காக ஒதுக்கப்படுகின்றன. மிதிவண்டி மட்டுமா? நடப்போர், ஓடுவோர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் பெற்றோர், கைத்தடி ஊன்றிய முதியோர் என யாவரும் வருகின்றனர். வழியோரத்தில் பழச்சாறு விற்பாரும், டயரின் ஓட்டையை அடைத்துத் தருவாரும் அமர்ந்து பிழைக்கின்றனர். ஒரு நாளில் பங்கு பெறுவோர் பத்து இலட்சத்துக்கும் மேல் என்பது அந்நகரார் கூறும் கணக்கு.

தோட்டமும் காரும் உடையவர் விடுமுறை நாளில் நகரைவிட்டு வெளியே சென்று இளைப்பாறலாம். இரண்டு அறைகளில் ஆறு பேர் வாழும் குடும்பம் எங்கே செல்லும்? ஓய்வு நாள் யாவர்க்கும் உரியது என்றால் ஓய்வதற்கு ஓரிடமும் யாவர்க்கும் வேண்டுமல்லவா? புதிதாக நிலம் வாங்காமல், ஏற்கனவே மக்கள் பணத்தில் போடப்பட்டிருந்த சாலையையே ஏழு மணி நேரம் அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது நகராட்சி.

2007-இல் இந்நேரத்தைக் குறைக்க வேண்டுமென்று நாட்டின் சட்டமன்றத்தில் ஒரு மசோதா முன்வைக்கப்பட்டது. மக்கள் வெகுண்டெழுந்தனர், மசோதா நிறைவேறவில்லை. முப்பதாண்டுக் காலம் பிள்ளைகளோடு அனுபவித்த ஒன்றை அக்குடும்பங்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

ஊமை நடிகர் கற்பித்த பாடம்

ஞாயிறு இவ்வாறிருக்க, மற்ற ஆறு நாளும் காசுப் போர் தொடர்ந்தது. அதை மாற்ற நகர அரசியல் மாற வேண்டியிருந்தது. 1988 வரை பொகோட்டாவின் மேயரை நாட்டுத் தலைவரே நியமித்து வந்தார். அவ்வாண்டில்தான் மக்கள் முதன்முறையாகத் தங்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தனர். 1992 முதல் 1994 வரை மேயராயிருந்த ஹைமே காஸ்த்ரோ வரி வசூலை ஒழுங்குபடுத்தி, நகராட்சியின் அன்றாட நிர்வாகத்தில் மன்ற உறுப்பினர்கள் கைவைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வரக் காரணராயிருந்தார். வரி கேட்டவரை யார் விரும்புவர்? அவருக்குப் புகழ் கிட்டவில்லை. ஆயினும் அவர் நட்ட மரத்தின் நிழலில்தான் பின்வந்தோர் பணியாற்றினர்.

1995-இல் மேயரான அந்தானாஸ் மோக்குஸ் கணிதமும் தத்துவமும் கற்ற பேராசிரியர்; தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்தவர். போக்குவரத்துக் காவலரிடையே கையூட்டு மலிந்திருப்பதைக் கண்ட அவர், முகத்தில் வெண்மை பூசிய ஊமை நடிகர்களைத் தெருமுனைகளுக்கு அனுப்பினார். நடைபாதைக் கோட்டின்மீது காரை நிறுத்தியவர் முன்னே நடிகர் வந்து நிற்பார். ஒரு சொல்லும் பேசாமல், கையால் அபிநயித்து, ‘இது நியாயமா?’ என்று கேட்பார். சுற்றியுள்ளோர் சிரிப்பார்கள், கார் பின்வாங்கும். அபராதத்துக்கு அஞ்சாதவர்களும் அயலாரின் நகைப்புக்கு நாணினர். சாலையில் மனிதர் மாண்ட இடங்களில் கறுப்பு விண்மீன்கள் தரையில் வரையப்பட்டன. நாள்தோறும் அவ்வழியே செல்வோர்க்கு அவை மௌனமாகப் பேசின.

1990-களின் நடுவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,300 பேர் பொகோட்டாவின் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். 2003 அளவில் அது ஏறக்குறைய 600 ஆகக் குறைந்தது. இப்பெருமை முழுவதையும் நடிகர்களுக்கே கொடுத்துவிட முடியாது. மதுக்கடைகளை முன்னேரமே மூடியது, இருக்கைப் பட்டியைக் கட்டாயமாக்கியது, நடைபாதைகளைச் சீரமைத்தது எனப் பலவும் சேர்ந்து விளைந்த பயன் அது. எவ்வாறாயினும், ஆண்டுதோறும் எழுநூறு வீடுகளில் சாவோலம் எழாதிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது.

மற்றுமொரு செய்தியையும் கூறாமலிருக்க முடியவில்லை. மோக்குஸ் இரண்டாம் முறை மேயராயிருந்த 2002-ஆம் ஆண்டில், விருப்பமுள்ளோர் தம் வரியைப் பத்து விழுக்காடு கூட்டிச் செலுத்தலாம் என்று வேண்டினார். ஏறத்தாழ 63,000 பேர் அவ்வாறே செலுத்தினர்! தம் காசு திருடப்படாது என்ற நம்பிக்கை பிறந்துவிட்டால் மக்கள் கொடுக்கத் தயங்குவதில்லை.

நடைபாதையில் முளைத்த தூண்கள்

1998 முதல் 2000 வரை மேயராயிருந்தவர் என்ரிக்கே பெனியலோசா. நகரைச் சுற்றி உயர்மட்டக் கார்ச் சாலைகள் கட்ட வேண்டுமென்று அயல்நாட்டு வல்லுநர் வகுத்துக் கொடுத்த திட்டம் அவர் மேசைமீது இருந்தது. அதை அவர் ஒதுக்கிவைத்தார். நகரில் கார் உடையோர் சிறுபான்மையினர். அவர்களுக்காகப் பெருஞ்செல்வத்தைக் கொட்டுவது அறமாகுமா என்பது அவர் எழுப்பிய வினா.

அந்நாளில் கார்களை நடைபாதையின்மேல் ஏற்றி நிறுத்துவது அங்கு வழக்கமாயிருந்தது. அவ்வழக்கத்தை நிறுத்த நடைபாதை ஓரமாக வரிசையாகக் குறுந்தூண்களை நாட்டினார் மேயர். கடைக்காரர்கள் கொதித்தனர். அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க வேண்டுமென்று கையெழுத்து வேட்டை நடந்தது; அது கைகூடவில்லை. பின்னர் நகரின் தென்மேற்கிலுள்ள ஏழைப் பேட்டைகளில் நடப்போர்க்கும் மிதிவண்டியாளர்க்கும் மரங்கள் சூழ்ந்த நெடும்பாதை ஒன்று அமைந்தது. கார் செல்லும் தெரு சேறும் சகதியுமாகக் கிடக்க, பள்ளிச் சிறுவன் மிதிவண்டியில் செல்லும் பாதை செம்மையாகத் தளமிடப்பட்டிருந்தது. வேறெந்த நகரிலும் இவ்வரிசை தலைகீழாகவே இருந்திருக்கும்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் வியாழக்கிழமை, வேலை நாளிலேயே, நகரம் முழுவதும் தனியார் கார்கள் இல்லாமல் இயங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஆண்டுக்கொரு நாள் இவ்வாறே இருக்கட்டும் எனப் பெரும்பான்மையோர் வாக்களித்தனர்.

அதே ஆண்டு டிசம்பரில் ‘டிரான்ஸ்மிலேனியோ’ என்ற பேருந்து முறை தொடங்கிற்று. பிரேசில் நாட்டுக் குரிச்சிபா நகரம் 1974-இல் காட்டிய வழியை அது பின்பற்றியது. பெருஞ்சாலையின் நடுத்தடங்கள் பேருந்துகளுக்கே ஒதுக்கப்பட்டன. ஏறுமுன்னரே சீட்டு வாங்கும் நிலையங்கள் எழுந்தன. 160 பேர் செல்லக்கூடிய, நடுவில் இணைப்புடைய நீண்ட செந்நிறப் பேருந்துகள் ஓடின. இவை கண்ணுக்குத் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாத மாற்றமே பெரிது. பேருந்துக் கம்பெனிக்குப் பயணியரின் தலையை எண்ணாது, ஓடிய கிலோமீட்டரை எண்ணிப் பணம் கொடுக்கப்பட்டது. கட்டணப் பணத்தை வேறொரு நிறுவனம் வசூலித்தது. ஓட்டுநர் சம்பளக்காரரானார், முந்திப் பாயவேண்டிய தேவை அவருக்கு ஒழிந்தது. எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரே கட்டணம் என்பதால், நகரின் கோடியிலிருந்து வரும் ஏழைத் தொழிலாளிக்கு அது பேருதவியாயிற்று. பெட்ரோல் மீதான மேல்வரியின் ஒரு பகுதி இதற்கு முதலாயிற்று. நெரிசல் மிகுந்த நேரத்தில் கராக்காஸ் பெருஞ்சாலையில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 40,000-க்கும் மேற்பட்டோர் செல்லலாயினர். உலகெங்குமிருந்து மேயர்களும் பொறியாளர்களும் வந்து பார்த்துச் சென்றனர்.

நன்மை தானே நிலைப்பதில்லை

இத்துடன் முடித்துவிட்டால் கதை இனிமையாயிருக்கும். ஆனால் முழு உண்மையாகாது.

2016-க்குள் 388 கிலோமீட்டர் பேருந்துத் தடம் அமைப்பதே தொடக்கத் திட்டம். அமைந்ததோ அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. தடம் வளரவில்லை, பயணிகள் வளர்ந்தனர். மூச்சுவிட இடமின்றி மக்கள் நெருக்கியடித்து நின்றனர். அந்நெரிசலில் பெண்கள் பட்ட அவமானமும் பிக்பாக்கெட் திருட்டும் அன்றாடச் செய்திகளாயின. 2012 மார்ச் 9-ஆம் நாள் பொறுமையிழந்த இளைஞர் கூட்டம் தெருவில் இறங்கிற்று. பல நிலையங்கள் நொறுக்கப்பட்டன. ஒரு காலத்தில் நகரின் பெருமையாயிருந்தது வெறுப்புக்குரியதாயிற்று.

இடையில் நேர்ந்தது யாது? 2008-இல் மேயரான சாமுவேல் மொரேனோவின் ஆட்சியில், சாலைப் பணி ஒப்பந்தங்களில் பெரும் ஊழல் நிகழ்ந்தது வெளிப்பட்டது. விமான நிலையத்துக்குச் செல்லும் பேருந்துத் தடப் பணி இழுபறியாகக் கிடந்தது. 2011-இல் அவர் பதவியினின்று நிறுத்திவைக்கப்பட்டார். பின்னர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்தது. மேயர் கையூட்டு வாங்கியதால் யாருக்கு நட்டம்? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நிலையத்தில் வரிசையில் நின்ற வேலைக்காரப் பெண்ணுக்குத்தான். அவர் பையிலிருந்து எவரும் பணத்தை எடுக்கவில்லை. அவருடைய நாளில் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். தம் பிள்ளைகளோடு அவர் இருந்திருக்க வேண்டிய நேரம் அது.

கட்சிப் பூசலும் கேடு விளைத்தது. சுரங்க இரயில் பற்றிய பேச்சு அங்கு 1940-களிலேயே தொடங்கிவிட்டது. ஒரு மேயர் நிலத்தடியில் வேண்டுமென்பார். அடுத்தவர் பாலத்தின்மேல் வேண்டுமென்பார். ஆய்வறிக்கைகள் அடுக்கடுக்காய்க் குவியும். இறுதியில், பாலத்தின்மேல் செல்லும் முதல் தடத்துக்கு 2019-இல்தான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பேச்சிலேயே முக்கால் நூற்றாண்டு சென்றுவிட்டது! செந்நிறப் பேருந்து வராத தெருக்களில் பழைய காசுப் போரும் நெடுநாள் நீடித்தது. 2021 இறுதியில்தான் அப்பழைய முறை முடிவுக்கு வந்தது.

மலைமேல் ஒரு வழி

எனினும் நம்பிக்கையூட்டும் நிகழ்ச்சிகளும் உள. நகரின் தென்கோடியில் சியுடாட் பொலிவார் என்ற மலைச்சரிவுப் பகுதி இருக்கிறது. மிக வறியவர் வாழும் இடம். அங்கிருந்து கீழேயுள்ள பேருந்து நிலையத்துக்கு வளைந்து நெளிந்து இறங்கி வர ஒரு மணி நேரமளவு ஆகும். 2018 டிசம்பரில் அங்குக் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டிகள் ஓடத் தொடங்கின. 3.3 கிலோமீட்டர் நீளம். பதின்மூன்று நிமிடப் பயணம். இத்திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்தது பின்னாளில் நாட்டுத் தலைவரான குஸ்தாவோ பெட்ரோவின் நகராட்சி. கட்டி முடித்துத் திறந்துவைத்ததோ இரண்டாம் முறை மேயராக வந்த பெனியலோசா. இருவரும் அரசியலில் கடும் எதிரிகள். இரயிலில் ஒன்றுபடாதவர்கள் இங்கே, அறிந்தோ அறியாமலோ, ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்தனர். மலைமேல் வாழும் தாய்க்கு நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் மீண்டும் கிடைத்தது.

2020 மார்ச்சில் கொள்ளை நோய் பரவியபோது, பேருந்துக் கூட்டத்தைக் குறைப்பதற்காக, அன்றைய மேயர் கிளவுடியா லோப்பெஸ் பெருஞ்சாலைகளில் தற்காலிக மிதிவண்டித் தடங்களை ஒதுக்கினார். அவற்றுட் சில நிலைபெற்றுவிட்டன. இன்று ஏறத்தாழ 600 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதைகள் அங்குள்ளன. வீட்டுப் பொறுப்பில் மூழ்கிய பெண்களுக்காக நகராட்சி நடத்தும் உதவி மையங்களில், வளர்ந்த பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பிக்கிறார்கள். மிதிவண்டித் திருட்டும் விபத்தும் இன்னும் தொல்லைகளாகவே இருக்கின்றன. ஆயினும் வண்டி மிதிப்பவரை எவரும் இழிவாய்ப் பார்ப்பதில்லை.

நம் கேள்வி

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலின் 153-ஆம் பத்தியில் நகரப் போக்குவரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் வேண்டுமென்று கூறும் அவர், பல நகரங்களில் அது மனித மாண்புக்கு ஒவ்வாத நெரிசலில் மக்களை வதைக்கிறது என்பதையும் சுட்டிக்காட்டுகிறார். பேருந்தில் ஓரிடம் என்பது வசதியைப் பற்றிய பேச்சு மட்டுமன்று, நீதியைப் பற்றியதுமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நகர மன்றத் தேர்தல் என்றால் நம்மவரிற் பலர் அதைச் சிறு காரியமாக எண்ணுகிறோம். நம் சாதிக்காரர் யார், நம் தெருவில் யாருக்குச் செல்வாக்கு என்று பார்த்து வாக்களித்துவிட்டு, அடுத்த ஐந்தாண்டுகள் குறை கூறிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் ஒன்று கேட்போம்: “நடந்து பள்ளிக்குச் செல்லும் எங்கள் பிள்ளைக்கு இத்தெருவில் எவ்வளவு இடம் தருவீர்கள்?” அவர் பதிலைக் கேட்டபின் நம்மையும் ஒன்று கேட்டுக்கொள்வோம். நம் வீட்டு வண்டி இப்போது எங்கே நிற்கிறது? நடைபாதையின்மேல் அல்லவே?